நான் இருந்தா போதும்

குரு-சிஷ்யன் கதைன்னு சொன்னதுமே நிமிந்து உக்காந்துட்டீங்க. தெரியும்.

தாடி வேணும். ஆத்தங்கரை வேணும். குரு கண்ண மூடியிருக்கணும், சிஷ்யன் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். கடைசில குரு ஒரு பூவத் தூக்கிக் காட்டுவாரு. சிஷ்யனுக்குப் பளிச்சுன்னு எல்லாம் வெளங்கிரும். நீங்களும் "ஆகா"ன்னு தலைய ஆட்டிட்டு சாப்பிடப் போயிருவீங்க.

இதுல பூ இல்ல. தாடியும் இல்ல. குரு பொம்பள.

ஆறு கிடையாது. ஒரு போர் பம்பு இருக்கு. அதுலயும் பாதி நாள் காத்துதான் வரும்.

சிஷ்யன் குருவ விட வயசுல மூத்தவரு. தலையில ஹெல்மெட்டு.

உக்காந்தது உக்காந்துட்டீங்க. கேட்டுட்டுப் போங்க.

*

"டீச்சர், என் தம்பி எல்லாத்தையும் போட்டோ எடுக்குறான். என்ன மட்டும் எடுக்க மாட்டேங்குறான். ஏன்?"

இப்பிடித்தான் வந்து நின்னாரு வடமலை.

நின்ன எடம், திண்டுக்கல்லுக்கு வெளிய நத்தம் ரோட்டு மேல ஒரு இல்லம். மனசு சரியில்லாமப் போனவங்களுக்கு அங்கயே வைத்தியம் பாப்பாங்க. தேறியும் வீட்டுக்குப் போக முடியாதவங்க அங்கயே தங்கிக்குவாங்க. எல்லாருக்கும் பச்சக் கலர்ல சட்டை. அதனால ஊருக்குள்ள அதுக்குப் பேரு பச்சைச் சட்டை வீடு. போர்டுல வேற பேரு போட்டிருக்கு. போர்ட யாரு படிக்கிறா?

கேட்டது லூர்து டீச்சர்கிட்ட.

லூர்து டீச்சர் முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கிட்டு இருந்தவங்க. "நாடிய எறக்குங்க, சிரிக்காதீங்க, கண்ண மூடாதீங்க." ஒருநாள் அவங்களுக்கே முடியாமப் போச்சு. அவங்களும் பச்சைச் சட்டை போட்டாங்க. தேறினதுக்கு அப்புறமும் அங்கயே தங்கி, மத்தவங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க.

அதிகமாப் பேச மாட்டாங்க. பாக்க வர்றவங்க எல்லாம், "அடடா, என்ன ஒரு மௌனம், என்ன ஒரு ஞானம்"பாங்க.

ஞானம் இல்ல. மாத்திரை. அந்த மாத்திரை போட்டா நாக்கு வறண்டு போகும். நாலு வார்த்தைக்கு ஒரு மொடக்கு தண்ணி வேணும். அதான் கையில எப்பவும் பாட்டில்.

வடமலைக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. காலைல நடக்குறவங்க சங்கத்துக்கு அவருதான் தலைவரு. சங்கத்து ஆளுக வீட்டுல சும்மா கிடந்த பழைய போனையெல்லாம் திரட்டி இல்லத்துக்குக் குடுத்ததும் அவருதான். சிம்மு இல்ல, கேமரா மட்டும் வேல செய்யும். பச்சைச் சட்டைக்காரங்க ஊரப் படம் எடுக்கட்டும், மனசு லேசாகும். அதக் கண்காட்சியா வச்சு ஊரக் கூப்பிட்டுக் காட்டுவோம், ஊருக்கும் பயம் தெளியும். அதுதான் யோசனை. நல்ல யோசனை. அதுல நான் கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல.

உள்ள இருந்தவங்கள்ல ஒருத்தன் வடமலையோட சொந்தத் தம்பி. மாயழகு.

"சொல்லுங்க டீச்சர். செருப்ப எடுக்குறான், சாம்பார் வாளிய எடுக்குறான், நாய எடுக்குறான். நான் நாயவிடக் கொறஞ்சவனா?"

டீச்சர் ஒரு மொடக்கு தண்ணி குடிச்சாங்க.

"உக்காருங்கண்ணே."

"இல்ல டீச்சர், கடையில ஆள் இல்ல."

வடமலை எங்க போனாலும் கடையில ஆள் இருக்காது. ஹெல்மெட்டையும் கழட்ட மாட்டாரு. மொகத்துக்கு முன்னாடி இருக்குற கண்ணாடிய மட்டும் தூக்கி விட்டுக்குவாரு. கழட்டினா முடி கலஞ்சிரும். இந்தக் காதுப்பக்கம் இருக்குற முடிய அந்தக் காது வரைக்கும் கொண்டுபோயிச் சேக்குறதுக்கு அந்த மனுசன் படுற பாடு அவருக்குத்தான் தெரியும்.

"படம் எடுக்க என்னென்ன வேணும்னு தெரியுமாண்ணே?" டீச்சர் கேட்டாங்க.

"கேமரா. வெளிச்சம்."

"இன்னொண்ணு."

"என்ன?"

"எதுத்தாப்புல ஆளு."

"நான்தான் இருக்கேனே!"

அதச் சொல்லும்போதே வடமலை வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

*

விசயம் போட்டோ இல்ல.

"டாக்டர் மாயழகக் கூட்டிட்டுப் போகலாம்னுட்டாரு டீச்சர். மாத்திரைய நேரத்துக்குக் குடுத்து, நல்லாத் தூங்க வச்சாப் போதுமாம்."

"சந்தோசம்ணே."

"சந்தோசந்தான். ஆனா அவனுக்கு எங்கூட வர இஷ்டம் இருக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எம்மேல கோவமா இருந்தா? வீட்டுல எம் பொஞ்சாதி வேற இருக்கா. பயப்படுவா."

"கேட்டீங்களா?"

"யார? தம்பியவா, அவளவா?"

"ரெண்டு பேரையும்."

"கேக்கணுமாக்கும்? எனக்குத் தெரியாதா?" வடமலை கொரலத் தாழ்த்திக்கிட்டாரு. "அதான் நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். கண்காட்சி வர்றதுக்குள்ள அவன் என்ன ஒரே ஒரு படம் எடுக்கட்டும். எடுத்தான்னா, இன்னும் என்ன அண்ணனா நெனக்கிறான்னு அர்த்தம். அன்னைக்கே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்க அம்மா மேல சத்தியம்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா... இங்கயே இருக்கட்டும். நீங்க நல்லாத்தான பாத்துக்குறீங்க."

டீச்சர் தண்ணி குடிச்சாங்க. இந்தத் தடவ ரெண்டு மொடக்கு.

"மூஞ்சிதான் வேணுமாண்ணே?"

"எதா இருந்தா என்ன டீச்சர். படத்துல நான் இருக்கணும். நான் இருந்தா போதும்."

"போதும்?"

"போதும்."

"சரி."

"சரின்னா?"

டீச்சர் பாட்டில மூடிட்டாங்க.

*

மாயழகு மாடியில இருப்பான். ஜன்னல்ல கம்பி வலை. வலைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு. அதுதான் அவனுக்கு எடம். அங்கேருந்து பாத்தா வாசக் கேட்டு தெரியும், ரோடு கொஞ்சம் தெரியும்.

வடமலை படியேறிப் போயி அவன் முன்னாடி நின்னாரு. ஹெல்மெட்டுக் கண்ணாடியத் தூக்கி விட்டாரு. சிரிச்சாரு. கடையில வாங்குன சாமான ரெண்டாவது தடவ மாத்த வர்றவங்ககிட்டச் சிரிப்பாருல்ல, அந்தச் சிரிப்பு.

"டேய் மாயழகு. அண்ணன ஒண்ணு எடு."

மாயழகு மடியில போன் இருந்துச்சு. எடுக்கல.

"அண்ணே, உக்காரு."

"கடையில ஆள் இல்லடா. எடு, நின்னுக்கிட்டு இருக்கேன்ல?"

மாயழகு அவரயே பாத்தான். மெதுவா கேட்டான்.

"போட்டோ புடிக்கணும்னு கூட்டியாந்தியே அண்ணே. இன்னும் புடிக்கலயே?"

வடமலைக்குச் சிரிப்பு அப்பிடியே நின்னுபோச்சு.

அது என்னன்னா, அம்மா செத்துப்போன வருசம். மாயழகு வீட்ட விட்டு வெளிய வரமாட்டேன்னு கதவப் புடிச்சுக்கிட்டு நின்னான். ஆஸ்பத்திரின்னா வரமாட்டான். அதனால வடமலை ஒண்ணு சொன்னாரு. "ஆதார் கார்டுக்குப் போட்டோ புடிக்கணும்டா, வா." அத நம்பிட்டான். குளிச்சான். எண்ணெ தேச்சு வகிடு எடுத்தான். பவுடர் போட்டான். அம்மா இருந்திருந்தா வைக்கிற மாதிரியே தானா ஒரு விபூதிக் கீத்து வச்சுக்கிட்டு வண்டியில பின்னாடி ஏறி உக்காந்தான். முடி கலையக் கூடாதுன்னு வழிநெடுக ஒரு கையால தலையப் பொத்திக்கிட்டே வந்தான்.

இந்தக் கேட்டுக்கு உள்ள விட்டுட்டு, "தா வந்துர்றேன்"னு வடமலை போனாரு.

வந்தாரு. வராம இல்ல. வாரா வாரம் வந்தாரு. ஆனா அந்தப் போட்டோவப் பத்தி யாரும் பேசினதில்ல.

இப்பப் பேசிட்டான்.

"நேரமாச்சுடா"ன்னாரு வடமலை. படியெறங்கினாரு. முத்தத்தத் தாண்டி, கேட்டு கொண்டியில கைய வச்சாரு.

மேல எங்கயோ "டிக்"குன்னு ஒரு சத்தம்.

பல்லி.

'பல்லி சொல்லுது. நல்ல சகுனம். அடுத்த வாரம் கண்டிப்பா எடுத்துருவான்'னு நெனச்சுக்கிட்டே வண்டிய எடுத்தாரு.

*

அடுத்த வாரம் புதுப் போனு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. பழைய போன்ல சரியாத் தெரியலயோ என்னமோ, அதான் எடுக்கலன்னு அவருக்கு ஒரு சமாதானம்.

மாயழகு புதுப் போன வாங்கி வச்சுக்கிட்டான். பழசத் திருப்பிக் குடுத்தான்.

வடமலை பழசுல இருந்த படத்தையெல்லாம் நின்னுக்கிட்டே தள்ளித் தள்ளிப் பாத்தாரு. செருப்பு. வாளி. நாய். அப்புறம் ஒரு ஆளு, கேட்டுகிட்ட நிக்கிற மாதிரி, முதுகு. இன்னொரு முதுகு. இன்னொண்ணு. வலைக்கு உள்ளேருந்து எடுத்ததால எல்லாம் ஒரே மங்கலு. தலையில ஹெல்மெட்டு, அதுக்குக் கீழ ஒரு சட்டை. அவ்ளோதான்.

போனத் தூக்கிக்கிட்டு டீச்சர்கிட்ட வந்தாரு.

"இது யாரு டீச்சர்? கொரியர்காரனா?"

டீச்சர் எட்டிப் பாத்தாங்க. "ஹெல்மெட்டு போட்டிருக்கு."

"அது தெரியுது. இந்த மாடல நானே ஊருக்குப் பாதி வித்திருக்கேன். யாருன்னுதான கேக்குறேன்? காலரப் பாருங்க, ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கு. சட்டையக்கூட ஒழுங்காப் போடத் தெரியாத பய. இவனப் போயி இத்தன எடுத்திருக்கான். என்ன ஒண்ணு எடுக்கல."

டீச்சர் தண்ணி குடிக்க ஆரம்பிச்சாங்க. குடிச்சு முடிக்கவே இல்ல.

"மாயழகு மட்டுமில்ல டீச்சர். எல்லாப் படத்தையும் பாத்தேன். அந்தக் கோடி ரூம்பு அம்மா எடுத்ததப் பாத்தேன். எதுலயும் ஒரு மூஞ்சி இல்ல. பஸ்ஸுல முதுகு, கடையில முதுகு, கோயில்ல முதுகு. கண்காட்சிக்கு ஊரே வரும். முதுகையா காட்டுறது? மூஞ்சிய எடுக்கச் சொல்லிக் குடுங்க டீச்சர். நீங்க மூஞ்சி எடுத்தே பொழச்சவங்கதான?"

டீச்சர் எந்திரிச்சு உள்ள போனாங்க. வரும்போது கையில ஒரு பச்சைச் சட்டை.

"போட்டுக்குங்கண்ணே."

"நானா?"

"போட்டுக்கிட்டு, முக்குக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"வெளையாடுறீங்களா?"

டீச்சர் வெளையாடுற மாதிரி தெரியல. இன்னொரு கைய நீட்டினாங்க. ஹெல்மெட்டக் கேக்குறாங்க.

வடமலை கழட்டிக் குடுத்தாரு. முடி எந்திரிச்சு நின்னு ஊரப் பாத்துச்சு.

*

முக்குல இருக்குற டீக்கடை வடமலைக்குப் புதுசில்ல. நடை முடிச்சிட்டு சங்கத்து ஆளுக உக்கார்ற கடை.

பெஞ்சுல கோவிந்தராசு இருந்தாரு. தெனம் காலைல வடமலை கூட நடக்குறவரு. சுகரு, பேரன், அரசியல்னு ஒண்ணு விடாமப் பேசுறவரு.

வடமலை போயிப் பக்கத்துல உக்காந்தாரு.

கோவிந்தராசு ஓரக்கண்ணுல பாத்தாரு. சட்டையப் பாத்த கண்ணு மூஞ்சிக்கு ஏறவே இல்ல. பேப்பர மடக்கிக்கிட்டு, பெஞ்சோட அந்தக் கோடிக்கு நகந்து, ரோட்டப் பாக்கத் திரும்பி உக்காந்துக்கிட்டாரு.

முதுகு.

டீ மாஸ்டர் வடமலைகிட்ட எதுவும் கேக்கல. கோவிந்தராசுகிட்ட கேட்டாரு.

"இவரு கூட யாரு வந்திருக்கா?"

"தெரியலப்பா. குடுத்து அனுப்பு சீக்கிரம்."

எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸு. இவருக்குப் பேப்பர் கப்பு. அதையும் கையில குடுக்கல. பெஞ்சு மேல வச்சிட்டு, மாஸ்டர் திரும்பிக்கிட்டாரு.

இன்னொரு முதுகு.

'யோவ் கோவிந்தராசு, நான்யா, வடமலை'ன்னு சொல்ல வாயத் தெறந்தாரு. சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சாரு. "நீ எப்பப்பா உள்ள போன?"ன்னு கேட்டா?

வாய மூடிக்கிட்டாரு. டீயக் குடிச்சாரு. சக்கரையே போடல போல. இல்ல, போட்டிருந்து அவருக்குத் தெரியலயோ என்னமோ.

திரும்பி வரும்போது நடுவழியில சட்டையக் கழட்டிச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. உள்பனியனோட வேகவேகமா நடந்து வந்தாரு.

*

"வெளங்கிருச்சு டீச்சர்!"

கண்ணு கலங்கியிருந்துச்சு. பொய் இல்ல, நெசமாவே கலங்கியிருந்துச்சு.

"என்ன வெளங்குச்சுண்ணே?"

"இவங்களுக்குப் படம் எடுக்கத் தெரியாம இல்ல. இவங்க கண்ணுக்கு ஊரு முதுகத்தான் காட்டுது. காட்டுனத எடுத்திருக்காங்க. அந்தக் கோவிந்தராசு இருக்கான் பாருங்க, தெனம் என் தோள்ல கை போட்டு நடக்குறவன்... சீ! என்ன சமூகம் டீச்சர் இது!"

"சரி."

"முதுகெல்லாம் இருக்கட்டும். அதையே வைப்போம்."

"சரி. வேற?"

"வேறென்ன?"

டீச்சர் மாடி ஜன்னலப் பாத்தாங்க. அப்புறம் வடமலையப் பாத்தாங்க.

"மேல போயிப் பாத்துட்டுப் போறீங்களா?"

"இன்னைக்கு முடியாது டீச்சர். மனசே சரியில்ல. கடையில வேற ஆள் இல்ல."

தன் சட்டையப் போட்டுக்கிட்டாரு. ஹெல்மெட்ட வாங்கி மாட்டினாரு. கேட்டத் தெறந்தாரு.

"டிக்."

"இந்த வீட்டுல பல்லி ஜாஸ்தி"ன்னு அவருக்குள்ளயே சொல்லிக்கிட்டாரு.

*

கண்காட்சி இல்லத்து முத்தத்துலயே நடந்துச்சு. துணி காயப்போடுற கயிறு அங்க ஏகத்துக்கு உண்டு. அதுலயே படத்தத் தொங்கவிட்டு கிளிப்பு போட்டாங்க. ஆபீசு ஜெராக்ஸ் மிசின்ல எடுத்த கறுப்பு வெள்ளப் பேப்பரு. காத்தடிச்சா எல்லாப் படமும் ஒண்ணாத் திரும்பி முதுகக் காட்டும், மறுபடி திரும்பும்.

ஊரு வந்துச்சு. கவுன்சிலர் வந்தாரு. சங்கத்து ஆளுக வந்தாங்க. கோவிந்தராசும் வந்தாரு. வந்து ஒரு பச்சைச் சட்டைக்காரருக்குக் கை குடுத்து, "வாழ்த்துக்கள் சார்"ன்னாரு. குடுத்துட்டு கையத் தொடச்சுக்கல. அது கண்காட்சிக்குக் கெடச்ச மொத வெற்றி.

வடமலையோட அவரு வீட்டுக்காரம்மா நாகஜோதியும் வந்துச்சு. அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கிறது அதுக்கு அன்னைக்குத்தான் மொத தடவ. "அவ பயப்படுவா"ன்னு வடமலை சொல்லிச் சொல்லி, கேட்டவங்க எல்லாரும் நம்பிட்டாங்க. நாகஜோதிகிட்ட யாரும் கேட்டதில்ல.

வண்டிய விட்டு எறங்கினதும் புருசனோட காலரத் தட்டி, மடிஞ்சு கிடந்த பக்கத்த இழுத்து விட்டுச்சு.

"எத்தன தடவ சொல்றது? மனுசன் நாலு பேரு முன்னாடி பேசப் போறீங்க."

அப்புறம் நேரா மாயழகுகிட்டப் போச்சு. படியில அவன் பக்கத்துலயே உக்காந்துச்சு. தூக்குச்சட்டியத் தெறந்துச்சு.

"என்ன கொழுந்தனாரே, எளச்சுட்டீங்க? பணியாரம். எடுங்க."

"மதினி, காரமா, இனிப்பா?"

"ரெண்டும் இருக்கு."

"ரெண்டையும் குடு."

இவ்ளோதான். பயம் எந்தப் பக்கமும் தெரியல. வடமலை இதப் பாக்கல. அவரு கயிறு கயிறாப் போயிப் படத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

மாயழகோட படத்துக்குத் தனியா ஒரு கயிறு. முழுக்க அந்த ஹெல்மெட்டுக்காரந்தான். வெயில்ல முதுகு. மழையில முதுகு, சட்டை நனஞ்சு ஒட்டியிருக்கு. பொங்கல் சமயம் போல, கேட்டுல கரும்பு கட்டியிருக்கு, அப்பவும் முதுகு. கை எப்பவும் கேட்டுக் கொண்டியில.

கடைசிப் படம் வரைக்கும் பாத்தாரு. திரும்பவும் மொதல்லேருந்து பாத்தாரு.

பெருமூச்சு விட்டாரு. அது வருத்தமா, நிம்மதியான்னு அவருக்கே தெரியல.

"இல்ல டீச்சர். நான் ஒண்ணுலகூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன். அவன் மனசுல நான் இல்ல. அப்ப... பேசினபடி அவன் இங்கயே இருக்கட்டும்."

டீச்சர் அவர ரொம்ப நேரம் பாத்தாங்க. தண்ணி குடிக்கல. நாக்கு வறண்டிருக்கும், ஆனாலும் குடிக்கல.

"இந்தக் கயித்துக்கு மட்டும் இன்னும் பேரு வைக்கலண்ணே. என்ன பேரு வைக்கலாம்?"

வடமலைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. டீக்கடையிலேயே யோசிச்சு வச்சிருந்தாரு.

"சமூகம்."

டீச்சர் ஒரு அட்டையில பெருசா "சமூகம்"னு எழுதி கயித்துல மாட்டினாங்க. எழுத்துல ஒரு நடுக்கம். அதுவும் மாத்திரைதான்.

"மைக் அங்க இருக்கு. பேசுங்கண்ணே."

*

கவுன்சிலர் மொதல்ல பேசினாரு. "மைக் டெஸ்டிங், ஹலோ, ஹலோ, வணக்கம், இந்தப் பொன்னான... கீஈஈ..." மைக்கும் அவரு கூடவே பேசுச்சு. அத விடுங்க.

அப்புறம் வடமலை.

மைக்கக் கையில புடிச்சுக்கிட்டு அந்தக் கயித்துகிட்டயே வந்து நின்னாரு. ஹெல்மெட்டு இல்ல. முடி படிஞ்சு இருந்துச்சு. காலரு நிமிந்து இருந்துச்சு.

"இந்தப் படத்த எடுத்தது என் தம்பி."

ஊருக்கு அது புதுச் செய்தி. வடமலைக்குத் தம்பி இருக்குறதே பாதிப் பேருக்குத் தெரியாது.

"ஆமா. என் கூடப் பொறந்தவன். இங்கதான் இருக்கான். இத்தன வருசமா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன்."

மாயழகு பணியாரத்தக் கையில வச்சுக்கிட்டு நிமிந்து பாத்தான்.

"இந்தா பாருங்க இந்த ஆள. யாரு இவன்? தெரியாது. மூஞ்சி இருக்கா? இல்ல. மேல ஒரு உசுரு ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு. இவன் போறான். மழ பெய்யுது, போறான். பொங்கலு, ஊரே சேந்து இருக்குற நாளு, அன்னைக்கும் போறான். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கானா? இல்ல. தலையில இருக்குற ஹெல்மெட்டக் கழட்டி வச்சிட்டு, ஒரு நிமிசம் உக்காந்து, 'எப்பிடி இருக்க'ன்னு கேட்டிருப்பானா? கேட்டிருக்க மாட்டான்! இவனுக்கு அவசரம். இவனுக்கு ஆயிரம் சோலி. இவனெல்லாம் ஒரு மனுசனா?"

கோவிந்தராசு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கவுன்சிலர் கண்ணத் தொடச்சாரு. டீ மாஸ்டர் கூட வந்திருந்தாரு, பின்னாடி நின்னுக்கிட்டு மூக்க உறிஞ்சினாரு.

"இவனுக்குத் தனியாப் பேரு கிடையாது. இவன் பேருதான்" வடமலை அட்டையத் தொட்டுக் காட்டினாரு, "சமூகம்!"

கை தட்டினாங்க பாருங்க, அப்பிடி ஒரு தட்டு. பச்சைச் சட்டைக்காரங்களும் தட்டினாங்க. லூர்து டீச்சர் மட்டும் தட்டல. ரெண்டு கையாலயும் பாட்டிலப் புடிச்சிருந்தாங்க.

தட்டு ஓஞ்சுச்சு. வடமலை அடுத்த வார்த்தைக்கு மூச்ச இழுத்தாரு.

அந்தச் சின்ன எடவெளியில, படியிலேருந்து எந்திரிச்சு வந்த நாகஜோதி கயித்துக்குப் பக்கத்துல போயி நின்னுச்சு. மழையில நனஞ்ச முதுகு இருக்குற படத்த உத்துப் பாத்துச்சு. மடங்கிக் கிடந்த காலரு மேல வெரல வச்சு, நிமித்தி விடப் போற மாதிரி ஒரு இழு இழுத்துச்சு. பேப்பருன்னு அப்பத்தான் ஞாபகம் வந்திருக்கும் போல. முகத்துல ஒரு சிரிப்புகூட வந்துச்சு, தெரிஞ்சவங்களக் கூட்டத்துல பாத்தா வருமே, அந்தச் சிரிப்பு.

"சமூகமா? ஏங்க, இது நீங்கங்க! கல்யாணமான நாள்லேருந்து வண்டியில இந்த முதுகப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்து வாரேன், எனக்குத் தெரியாதா?"